நாடி பார்த்த கதை

போன வருஷம் ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மச்சினன் ஹால் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்றுகொண்டு, பிளாஸ்டிக் ஸ்கேலை மூக்கு நுனியில் வைத்துக் கீழ்நோக்கி எதையோ அளந்துகொண்டிருந்தான்.

"என்ன மாப்ளே, மூக்குக்குப் பட்டா வாங்கப் போறியா?" என்றேன்.

"மூக்கு இல்ல அத்தான். நாடி" என்றான், குரலே எழும்பாமல்.

சென்னைவாசிகளுக்கு ஒரு விளக்கம். திருநெல்வேலிப் பக்கம் மோவாய்க்கு நாடி என்று பெயர். எனக்கு இது தெரியாது. கல்யாணமான புதிதில் என் மாமியார், "மாப்பிள்ளைக்கு எல்லாம் லட்சணமா இருக்கு, நாடிதான் கொஞ்சம் சின்னது" என்று யாரிடமோ சொன்னது காதில் விழ, மறுநாளே போய் ஈ.ஸி.ஜி. எடுத்துக்கொண்டு வந்தவன் நான்.

மச்சினனுக்கு வயது இருபத்தெட்டு. பாங்கில் உத்தியோகம். சிகரெட் இல்லை, கடன் இல்லை, செவ்வாய் தோஷமும் இல்லை. இருந்தும் மூன்றாவது பெண் வீட்டிலும் நழுவிவிட்டார்கள். ஜாதகம் பொருந்தியிருக்கிறது, போட்டோதான் பொருந்தவில்லை. தரகர் மிகுந்த நாகரிகத்தோடு, "பையன் தங்கம் சார். முகம் மட்டும் கீழே வரவர கொஞ்சம் அவசரமா முடிஞ்சிடுதுன்னு ஃபீல் பண்றாங்க" என்று சொல்லிவிட்டு, அந்தச் சொற்றொடருக்கும் சேர்த்து ஐநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து பையன் செல்போனில் தன்னைத்தானே படம் எடுத்து எடுத்துப் பார்த்து மெலிந்துகொண்டிருந்தான். நான் சமாதானம் சொன்னேன். செல்போனை முகத்தருகில் பிடித்து எடுக்கிற படமே ஒரு பொய் சாட்சி. 2018-ல் அமெரிக்காவில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஓர் அடி தூரத்தில் எடுத்தால் மூக்கு உள்ளதைவிடச் சுமார் 30 சதவிகிதம் அகலமாக விழுகிறதாம். மூக்கு அவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டால் மோவாய் எங்கே போகும், பாவம்?

மச்சினன் சமாதானமாகவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினான். எங்கள் ஏரியா பியூட்டி பார்லர் ஒன்றின் ஆடித் தள்ளுபடி. 'ஊசி இல்லை, கத்தி இல்லை, வலி இல்லை. காற்றழுத்தப் பேனா மூலம் ஹீரோ தாடை! ரூ.6,999 மட்டுமே. ஃபேஷியல் இலவசம்.'

நான் பி.காம். எனக்கு உடற்கூறு தெரியாது. ஆனால் 'இலவசம்' என்ற வார்த்தையைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும் அளவுக்குப் படித்திருக்கிறேன். "ஒரு வாரம் டயம் குடு மாப்ளே" என்று சொல்லிவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன்.

முதலில் தெரிந்துகொண்டது, இந்த மோவாய் என்கிற வஸ்து மனித இனத்துக்கு மட்டுமே கிடைத்த சொத்து. சிம்பன்ஸிக்குக் கிடையாது. நியாண்டர்தால் மனிதனுக்குக்கூட முன்னால் துருத்திய மோவாய் கிடையாது. எதற்காக நமக்கு மட்டும் கொடுக்கப்பட்டது என்று விஞ்ஞானிகள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். (கையை வைத்துக்கொண்டு கவலைப்பட என்பது என் கட்சி.)

இரண்டாவதாகப் படித்தது ஒரு சோகக் கதை. வியன்னாவில் கெர்ஸுனி என்ற டாக்டர் 1899-ல் பாரஃபின் மெழுகை உருக்கி உடம்பில் ஊசி மூலம் ஏற்ற ஆரம்பித்தார். பள்ளமான இடம் மேடாகும். பணக்கார வீட்டுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். க்ளாடிஸ் டீக்கன் என்று ஓர் அமெரிக்க அழகி, ஐரோப்பாவே அவள் பின்னால் சுற்றியது. அவளுக்கோ கிரேக்கச் சிலை மாதிரி நெற்றியிலிருந்து நேராக இறங்கும் மூக்கு வேண்டும். இருபத்திரண்டு வயதில் மூக்குத் தண்டில் மெழுகை ஏற்றிக்கொண்டாள். மெழுகுக்கு நன்றியுண்டா? நாளடைவில் நழுவி மோவாய்ப் பக்கம் இறங்கிவிட்டது. 1921-ல் மார்ல்பரோ பிரபுவைக் கல்யாணம் செய்துகொண்டு ப்ளென்ஹைம் அரண்மனைக்கே எஜமானியானாள். முகம் மட்டும் திரும்பி வரவில்லை. 1977-ல், தொண்ணூற்றாறு வயதில் இறக்கும்வரை அந்த மெழுகையும் சுமந்தாள். மெழுகைக் கரைத்து எடுக்க மருந்து கிடையாது என்பதுதான் விஷயம்.

இப்போதைய ஃபில்லர் அப்படியல்ல. ஹயலுரானிக் அமிலம். அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம், இப்போது உங்கள் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இருப்பதுதான். 1934-ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர், ஜான் பாமர் என்ற இருவர் மாட்டுக் கண்ணிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொண்டு கொழகொழவென்று நிற்பது அதன் குணம். ஒரு காலத்தில் சேவல் கொண்டையிலிருந்துகூட எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் பாக்டீரியாவை வளர்த்துத் தயாரிக்கிறார்கள். சைவர்கள் மூச்சு விடலாம். அப்படியே ஏற்றினால் இரண்டொரு நாளில் உடம்பு தின்று தீர்த்துவிடும் என்பதால், இழைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கெட்டியான ஜெல்லாக்குகிறார்கள். மோவாய்க்குப் போடுவது இன்னும் கொஞ்சம் விறைப்பானது. எலும்பு மாதிரி நிற்க வேண்டுமே! அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இந்த வகையில் ஒன்றுக்கு மோவாய்க்கென்றே அனுமதி கொடுத்தது 2020-ல்தான். அதுவும் இருபத்தொரு வயது தாண்டியவர்களுக்கு.

மூன்றாவதாகப் படித்தது அந்தப் பேனா பற்றி. ஊசியில்லாத இந்தக் காற்றழுத்தப் பேனாவால் ஃபில்லர் ஏற்றிக்கொள்ளவே கூடாது என்று அதே எஃப்.டி.ஏ. 2021 அக்டோபரில் எச்சரித்திருக்கிறது. எவ்வளவு ஆழத்தில் போகிறது, எங்கே போகிறது என்று பேனா பிடிப்பவருக்கே தெரியாதாம். நோட்டீஸை நாலாக மடித்து, ஆடுகிற டைனிங் டேபிள் காலுக்கு முட்டுக் கொடுத்தேன். ஒழுங்கான தோல் டாக்டரிடம் போவது என்று முடிவாயிற்று.

இந்த இடத்தில் இன்னொரு சமாசாரம் சொல்லியாக வேண்டும். மச்சினன் எங்கள் வீட்டு ஹாலில்தான் படுப்பான். நாங்கள் இருப்பது பம்மல். மீனம்பாக்கம் பக்கம். ராத்திரியில் கேட்பது விமானமா, மச்சினனா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி உண்டு. விமானம் நடுவில் நிற்காது. இவன் குறட்டை உச்சத்துக்குப் போகும்போது சட்டென்று நின்றுவிடும். பத்து செகண்டு, பதினைந்து செகண்டு. நாங்களும் இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். பிறகு புலி மாதிரி ஓர் உறுமலோடு மறுபடி கிளம்பும். "உழைக்கிற உடம்பு, அசந்து தூங்குது" என்பாள் அவன் அக்கா, அதாவது என் மனைவி. பிறந்த வீட்டுப் பாசம்.

அண்ணா நகர் பக்கம் ஒரு க்ளினிக். டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்டிப்பான கணக்கு டீச்சர் தோரணை. வெயிட்டிங் ஹாலில் கால் மணி நேரம்தான் காத்திருந்தோம். அதற்குள் மச்சினன் தலை என் தோளில் சாய்ந்து, விமானம் புறப்பட்டுவிட்டது. ரிசப்ஷன் பெண் டி.வி. சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

உள்ளே போனதும் டாக்டரம்மாவும் ஒரு ஸ்கேலைத்தான் எடுத்தார். மச்சினன் என்னைப் பெருமையோடு பார்த்தான். மூக்கு நுனியிலிருந்து மோவாய் நுனிக்கு ஒரு நேர்கோடு. உதடுகள் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே இருந்தால் லட்சணம் என்று ரிக்கெட்ஸ் என்ற அமெரிக்கப் பல் டாக்டர் வகுத்துவைத்த கோடாம் அது. மச்சினனின் உதடு கோட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தது.

"பல்லைக் கடிங்க... வாயைத் திறங்க... மறுபடி கடிங்க."

டார்ச் அடித்துப் பார்த்தார். மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே ஒரு பென்சில் தாராளமாகப் போகும்.

"ராத்திரி குறட்டை விடுவாரா?" கேள்வி என்னைப் பார்த்து.

"நாங்க இருக்கிற தெருவுக்கே விடுவான் மேடம்" என்றேன், கிண்டலாக.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நடுவில மூச்சு நின்னு நின்னு வருதா?"

எனக்கும் சிரிப்பு நின்றது. அந்தப் பத்து, பதினைந்து செகண்டுகளைச் சொன்னேன்.

"பகல்ல தூக்கம்? வண்டி ஓட்டறப்ப எப்பவாவது கண் அசந்திருக்கா?"

மச்சினன் தரையைப் பார்த்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். இரண்டு வருஷம் முன்னால் பல்லாவரம் பக்கம் பைக்கோடு விழுந்து முழங்கையில் ஏழு தையல் போட்டோமே, அன்றைக்கு இவன் ஓட்டிக்கொண்டே தூங்கியிருக்கிறான். செல்போன் பார்த்துக்கொண்டு ஓட்டினான் என்று குடும்பமே சேர்ந்து திட்டினோம். திட்டியதில் முதல் ஆள் நான். தூங்கிவிட்டேன் என்று சொன்னால் குடித்திருந்தேன் என்று நினைப்பார்களோ என்று பயந்து, செல்போன் பழியை ஏற்றுக்கொண்டிருக்கிறான் பாவி.

"உங்களுக்கு நான் ஃபில்லர் போடமாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "மோவாய் மட்டும் சின்னதா இருந்தா ஒரு ஊசியில முடிச்சிடலாம். உங்களுக்குக் கீழ்த்தாடையே பின்னால உட்கார்ந்திருக்கு. தாடை பின்னால போனா நாக்கும் பின்னால போகும். தூங்கறப்ப அது போய்த் தொண்டையை அடைக்குது. வாசல்ல பெரிசா கோலம் போட்டா வீடு முன்னால வந்துடுமா? முதல்ல ராத்திரி முழுக்க ஒரு தூக்கப் பரிசோதனை. அப்புறம் பல் சீரமைப்பு டாக்டரையும் தாடை ஆபரேஷன் டாக்டரையும் பாருங்க." சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஏழாயிரம் ரூபாய்க் கோலம் போட்டிருந்தால், நாடி எடுப்பாகத் தெரிந்திருக்கும். கல்யாணமும் ஆகியிருக்கும். ராத்திரி அந்தப் பதினைந்து செகண்டை வேறொரு வீட்டுப் பெண் எண்ணிக்கொண்டு படுத்திருப்பாள்.

எழுந்திருக்கும்போதுதான் டாக்டரம்மாவின் பார்வை என் பக்கம் திரும்பியது. ஸ்கேலோடு.

"நீங்க பல்லைக் கடிங்க."

கடித்தேன். "உங்களுக்குக் கடி சரியா இருக்கு. மோவாய் மட்டும்தான் சின்னது. வேணும்னா பண்ணலாம். வேண்டாம்னாலும் ஒண்ணும் குறைஞ்சு போகாது."

வாசகர்களிடம் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். இந்தப் பக்கத்தின் உச்சியில் என் படம் வருகிறதே, கையை மோவாயில் முட்டுக் கொடுத்தபடி? அதைச் சிந்தனை என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. ஏழு வருஷமாக மறைத்துக்கொண்டிருக்கிறேன். முன்னொரு காலத்தில் எனக்கும் பெண் பார்க்கப் போன இடங்களில் அதே 'அவசரமாக முடிகிற' முகம்தான். ஒரு வீட்டில் மட்டும்தான் சரி என்றார்கள், அதுவும் அவர்கள் வீட்டிலும் எல்லோருக்கும் நாடி சின்னதாக இருந்ததால்.

ரேட் கேட்டேன். ஒரு ஸிரிஞ்ச், ஒரு மில்லி. டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. 28,000 ரூபாய். வியாதிக்கு வைத்தியம் பார்த்தால் ஜி.எஸ்.டி. கிடையாது, அழகுக்குப் பார்த்தால் உண்டு. அப்போது 18 சதவிகிதம், 5,040. ஆக மொத்தம் 33,040. மெடிக்ளெயிம் ஒரு பைசா தராது. ஆயுசு ஒரு வருஷம், முன்னே பின்னே. பிறகு உடம்பே கரைத்துவிடும். கால்குலேட்டரைத் தட்டினேன். நாளொன்றுக்கு 90 ரூபாய் 52 காசு. தினம் ஒரு மசால் தோசையை மோவாயில் ஒட்டிக்கொள்வது மாதிரி.

"யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்று வந்து, மூன்று வாரம் யோசித்தேன். பத்தி எழுத்தாளனுக்குப் படம் ஒரு தொழில் கருவி, ஆகவே இதற்கு வருமான வரியில் தேய்மானம் க்ளெயிம் பண்ணலாமா என்று என் ஆடிட்டர் நண்பனைக்கூடக் கேட்டேன். நேர்கோட்டு முறையா, குறைந்துசெல் மதிப்பு முறையா என்று கேட்டுவிட்டு அவன் போனை வைத்துவிட்டான். (இரண்டாவது முறையில் சொத்தின் மதிப்பு எத்தனை வருஷமானாலும் முழுசாகப் பூஜ்யமாகாது. மோவாய்க்கு அதுதான் உசிதம்.)

போய்விட்டேன். மச்சினன் துணை. வீட்டில் சொல்லவில்லை.

ஊசி போடுவதற்கு முன்னால் டாக்டரம்மா குட்டி ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு சின்ன பாட்டிலைக் காட்டினார். ஹயலுரானிடேஸ். ஏற்றிய ஜெல்லைக் கரைக்கிற மருந்து. க்ளாடிஸ் அம்மாளுக்குக் கிடைக்காத மருந்து. "அழகு பிடிக்கலைன்னா கரைக்கறதுக்கு மட்டும் இல்ல. ஜெல் தவறி ரத்தக் குழாய்க்குள்ள போயிட்டா அந்த இடத்துத் தோல் ரத்தம் இல்லாம செத்துப் போகலாம். அபூர்வமா கண் பார்வையே போயிருக்கு. மூக்குலயும் புருவ நடுவிலயும் ஆபத்து ஜாஸ்தி. மோவாயில கம்மி, ஆனா இல்லைன்னு சொல்ல மாட்டேன். இந்த பாட்டில் இல்லாத இடத்தில யாரும் ஊசி போட்டுக்கக் கூடாது."

நான் அந்த பாட்டிலை சாமி படம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டேன். பார்லர் நோட்டீஸில் ஃபேஷியல் இருந்தது, பாட்டில் இல்லை.

மற்றபடி சொல்ல அதிகம் இல்லை. மோவாயில் பேனாவால் புள்ளி வைத்தார். டிஞ்சர் வாசனை. ஊசி தோலைத் தாண்டி, தசையைத் தாண்டி, எலும்பின் மேலேயே போய் உட்கார்ந்தது தெரிந்தது. வலியைவிட ஓர் அழுத்தம். ஜெல்லிலேயே மரத்துப்போகிற மருந்து கலந்திருப்பதால் அடுத்தடுத்த குத்துகள் பக்கத்து வீட்டுக்காரருக்கு விழுந்தன. பிறகு சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி விரலால் பிசைந்து வடிவம் கொடுத்தார். இருபது நிமிஷம். கண்ணாடியைக் கொடுத்தார். பக்கவாட்டில் பார்த்தேன். முகத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி கிடைத்திருந்தது. கொஞ்சம் நெஞ்சு அடைத்தது. பொய் சொல்வானேன்.

தோல் வெளுத்தாலோ, வலை வலையாக நிறம் மாறினாலோ, வலி ஏறினாலோ நடுராத்திரியானாலும் போன் பண்ணச் சொல்லி அனுப்பினார். அன்று ராத்திரி மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் கண்ணாடியில் மோவாயை விசாரித்தேன். நாலு நாள் வீக்கம். மனைவியிடம் பல்வலி என்றேன். கடைவாய்க்குக் கிராம்பு வைத்துவிட்டாள். ஒரு வாரம் கழித்து வீக்கம் வடிந்து, புது மோவாயோடு அவள் முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினேன். உற்றுப் பார்த்தாள்.

"முடி வெட்டிக்கிட்டீங்களா?"

33,040 ரூபாய் பற்றி பாங்க் எஸ்.எம்.எஸ். வந்ததை மட்டும் கவனித்துவிட்டாள். பைக்கை முழுசாக ரிப்பேர் பண்ணினேன் என்றேன். கீழே போய் வண்டியைச் சுற்றி வந்து, "பழைய மாதிரியேதான் இருக்கு, உங்களை யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க" என்றாள்.

மச்சினனின் தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 22 தடவை மூச்சு தடைப்படுகிறது என்று வந்தது. பதினைந்தைத் தாண்டினாலே நடுத்தர ரகம் என்றார்கள். இப்போது ராத்திரி காற்றைத் தள்ளுகிற ஒரு மெஷினோடு மாஸ்க் போட்டுப் படுக்கிறான். முதல் ராத்திரி வீடு அவ்வளவு நிசப்தமாக இருந்ததில், பயந்துபோன அவன் அக்கா மூன்று தடவை எழுந்துபோய் மூக்கில் கை வைத்துப் பார்த்தாள். பல்லுக்குக் கிளிப் மாட்டியாகிவிட்டது. வரிசை சரியான பிறகு தாடையை முன்னால் நகர்த்துகிற ஆபரேஷன். சமீபத்தில் வந்த ஒரு பெண் வீட்டார் கிளிப்பைப் பார்த்துவிட்டு, பையன் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறானா என்று கேட்டார்கள். பகலில் தூங்குவதில்லை. எரிச்சலூட்டும் அளவுக்குச் சுறுசுறுப்பாக இருக்கிறான்.

எனக்குப் பதினோரு மாசம் முடிந்துவிட்டது. மோவாய் லேசாக உள்வாங்க ஆரம்பித்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஸ்கேல் வைத்துப் பார்க்கிறேன். 'உங்கள் டச்-அப் நேரம் வந்துவிட்டது' என்று க்ளினிக்கிலிருந்து எஸ்.எம்.எஸ். வருகிறது. வாயைத் திறக்காமல் இருப்பதற்காக மச்சினனுக்கு இதுவரை வாங்கிக் கொடுத்த பிரியாணிகளையும் அடக்கத்தில் சேர்த்தால், தினசரிச் செலவு மசால் தோசையைத் தாண்டி எங்கேயோ போகிறது. ஆகவே எல்லாவற்றையும் எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன்.

என் மனைவி இந்தப் பத்திரிகையை வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படிப்பாள். புதன்கிழமை ராத்திரியே நான் ஒரு அவசர வேலையாகக் கும்பகோணம் போகிறேன்.